மாமியும் மாவுக்கட்டும் மூன்று விமானங்களும்

தந்தி வந்த அன்று நான் போர்ட் கிள்ளானில், ஆபீசில் இருந்தேன். கப்பல் சரக்கு ஏஜென்ட் ஒருவரிடம் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. என் வீட்டுக்காரர் போன் போட்டு, "அம்மாவுக்குக் கால் முறிஞ்சிருச்சாம். கவலைப்பட வேணாம்னு தந்தி அடிச்சிருக்காங்க," என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னதால் எதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "எந்தக் கால்?" என்று கேட்டேன்.

"தந்தியில அதெல்லாம் இல்ல."

அவர் அம்மா, அதாவது என் மாமியார், அப்போது டான்சானியாவில் இருந்தார். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், மிஷன் ஆஸ்பத்திரியில், சம்பளமில்லாத தொண்டர் நர்ஸ். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாமி குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் இருந்து அப்படி யாரும் கிளம்பிப் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வேலை செய்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர் அவர். மாமனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து முன்னமே தவறிவிட்டார். பென்ஷன் வாங்கத் தொடங்கிய சில மாதங்களில், முன்பு கிள்ளானில் கூட வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவரிடமிருந்து மாமிக்குக் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் வர முடியுமா, டிக்கெட்டும் சாப்பாடும் இருக்க இடமும் தொண்டர் சங்கத்துப் பொறுப்பு என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே மாமி அதைச் சொன்னார். முடிவு எடுத்தாகிவிட்டது, தகவல் மட்டும்தான் எங்களுக்கு.

"ஏம்மா, பத்துமலைக்குப் போனாலே முட்டி வலிக்குதுன்னு சொல்றீங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"பத்துமலையில படி. அங்க படி இல்லையாம்."

"இந்த வயசுல என்னத்துக்கு?"

"அங்க ஒரு நேர்ஸ் தனிய ஒரு வார்டையே பாக்கிறாளாம். நான் இங்க இருந்து என்ன செய்யிறன்? காலமை கோயில், பின்னேரம் டிவி. டிவிக்கு நான் இல்லாட்டியும் ஓடும்."

இதில் அபிப்பிராயம் சொல்கிற இடத்தில் நான் இல்லை. எங்கள் கல்யாணம் ரெஜிஸ்டர் கல்யாணம். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், படிப்பு, அரசாங்க உத்தியோகம் என்று இருந்தவர்கள். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தாத்தா ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்தவர். மாமி சண்டை எதுவும் போடவில்லை. தலைதீபாவளிக்குச் சேலைகூட எடுத்துத் தந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் அவரை 'அத்தை' என்று கூப்பிட்டேன். "எங்கட பக்கம் மாமி எண்டுதான் சொல்லுறது," என்றார். கோபமே இல்லை, புது நர்ஸுக்கு மருந்து அளவைத் திருத்துகிற மாதிரி ஒரு குரல். அன்றிலிருந்து மாமி. என்னை அவர் 'நீர்' என்பார். அவர்கள் பேச்சில் அது மரியாதை. மூன்று வருஷம் கழித்தும் அது அப்படியே இருந்தது.

தந்திக்குப் பிறகு டாக்டரின் கடிதம் வந்தது. மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஊருக்கு அனுப்பிவிடலாம், ஆனால் அந்தக் கட்டோடு தனியாக ஏற்ற விமானக் கம்பெனி சம்மதிக்கவில்லை, துணைக்கு ஒருவர் வர வேண்டும். துணைக்கு வருகிறவரின் டிக்கெட்டையும் சங்கமே எடுக்கும்.

என் வீட்டுக்காரருக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. அரசாங்க வேலை வேறு, வெளிநாடு போக இலாகா அனுமதி வருவதற்குள் கால் தானாகவே கூடிவிடும். அவர் அக்கா லண்டனில் கைக்குழந்தையோடு இருந்தார். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அப்பாவோடு கப்பலில் நாகப்பட்டினம் போய் வந்ததால் கிடைத்தது. விமானத்தை நான் பார்த்ததெல்லாம் சுபாங் ஏர்போர்ட்டின் பார்வையாளர் மாடியில் நின்று, பக்கோடா தின்றுகொண்டு பார்த்ததுதான்.

"நீ போயிட்டு வரியா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேற யாரு இருக்கா?" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே வேறு யாரும் இல்லை.

ஆபீசில் லீவு கேட்டபோது என் சீன முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாமியாரைக் கூட்டிட்டு வர ஆப்பிரிக்கா போற மருமகளை நான் இப்பதான் பாக்கிறேன் லா," என்றார். லீவு கொடுத்தார். மஞ்சள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஊசி போட்டு, ஒரு கை வீங்கிப்போய்க் கிளம்பினேன்.

போன பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீட்டின் கைப்பிடியைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்கக்கூட ஒரு கையைத்தான் எடுத்தேன். பம்பாயில் மாறி, நைரோபியில் மாறி, டாரெஸ்ஸலாமில் இறங்கினேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஜீப்பில் செம்மண் ரோட்டில் பகல் முழுவதும் பயணம்.

மாமி படுக்கையில் இருப்பார் என்று நினைத்துப் போனேன். தள்ளுநாற்காலியில் உட்கார்ந்து வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கால், மரம் ஏற்றிய லோரியின் பின்பக்கம் மாதிரி நாற்காலிக்கு வெளியே நீண்டிருந்தது. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, "போலே, மாமா" என்றார்கள். போலே என்றால் பாவம், வருத்தமாயிருக்கிறது என்று அர்த்தமாம். மாமா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. எங்கள் மாமியை ஒரு ஆஸ்பத்திரியே மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு, அவ்வளவு களைப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என்னைப் பார்த்ததும் மாமி, "நீரோ வந்தனீர்? அவன் வரேல்லையே?" என்றார்.

"அவருக்கு பாஸ்போர்ட் இல்ல மாமி."

"ஓம், ஓம்." என் தோளுக்குப் பின்னால் வாசலை இன்னொரு தரம் பார்த்தார். பிறகுதான், "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.

பயணத்துக்கு டாக்டர் சரி சொல்லும்வரை இரண்டு வாரம் போல அங்கே இருந்தேன். எனக்கு வேலை மாமியின் நாற்காலியைத் தள்ளுவது. பிரிக்பீல்ட்ஸில் பார்த்த மாமி அல்ல அவர். அங்கே அதட்டினார், சிரித்தார், கிழவர்களின் மீசையைப் பார்த்துக் கேலி பேசினார். லோரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்த சோளக்காட்டு விவசாயி ஒருவர் இருந்தார். மாமி தினமும் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்வார். கட்டுக்கு வெளியே தெரிகிற கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். நகம் வெளுக்கும். விட்டதும் சிவப்புத் திரும்பும். "ரத்தம் ஓடுது," என்று தமிழிலேயே சொல்வார். அந்த மனிதரும் அதைப் புரிந்துகொண்டு தலையாட்டுவார். இதற்கு எதற்குத் தினமும் என்று ஒருநாள் கேட்டேன். "கட்டு இறுகினால் உள்ளுக்க கால் செத்துப்போகும். வெளியில ஒண்டும் தெரியாது. விரல் மட்டும்தான் சொல்லும்," என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள், பழைய கட்டு தளர்ந்துவிட்டதென்று டாக்டர் அதை எடுத்துவிட்டுப் புதுக்கட்டுப் போட்டார். நான் அந்த நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வழியனுப்ப வார்டுப் பெண்கள் ஒரு கோழியைக் கொண்டுவந்தார்கள், உயிரோடு. விமானத்தில் விடமாட்டார்கள் என்று விளக்கிச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. கோழிக்குப் பதில் ஒரு பை நிலக்கடலை தந்தார்கள். ஜீப் கேட்டைத் தாண்டும்போது மாமி திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை மட்டும் எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

டாரெஸ்ஸலாமில் ஒரு இரவு தங்கி, மறுநாள் விடிகாலையில் ஏறிய முதல் விமானம் சின்னது. நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். எந்தக் கை எங்கே பிடிக்க வேண்டும் என்று மாமிதான் கட்டளை போட்டார். நைரோபி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

அங்கே காலையில் கிளம்ப வேண்டிய பம்பாய் விமானத்துக்கு என்னவோ கோளாறு. காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம். ஒரு மணி நேரம் என்றார்கள், அது முடிந்ததும் இன்னொரு மணி நேரம் என்றார்கள். கூடத்தில் கூட்டம் நெரிந்தது. எங்களுக்குக் கொடுத்திருந்த தள்ளுநாற்காலியில் மாமி உட்கார்ந்திருந்தார். எதிரே முதுகு வளைந்த கிழவர் ஒருவர் சுவரைப் பிடித்தபடி நின்றார். மாமி என்னிடம், "பிள்ளை, என்னை அந்தக் கதிரையில மாத்திவிடும். இதை அந்தாளுக்குக் குடும்," என்றார்.

"கால் வைக்க இடம் வேணுமே மாமி."

"பெட்டியில வைக்கலாம்."

மாற்றிவிட்டேன். எங்கள் பெட்டி தாழ்வானது, தள்ளுநாற்காலியில் நீட்டி வைத்தது போல இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதையும் சாமான் ஏற்றுகிறோம் என்று எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கால் தரையை நோக்கிச் சரிந்தபடியே இருந்தது. நான் முட்டி போட்டு மடியில் கொஞ்ச நேரம் தாங்கினேன். "எழும்பும், ஆக்கள் பாக்கினம்," என்றார்.

எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குஜராத்திப் பெரியவர். நைரோபியில் தையல் கடை, மகளைப் பார்க்க ஊருக்குப் போகிறார். ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். மடியில் ஒரு தோல் பையை அணைத்து வைத்திருந்தார். உள்ளே துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோல், அவர் அப்பா காலத்துச் சாமானாம். "பெட்டியில் போட்டால் யார் கையில் போய்ச் சேருமோ," என்றார். அந்த நாளில் அதையெல்லாம் கையோடு கொண்டு போக விட்டார்கள்.

பிற்பகலில் ஒருவழியாக ஏறினோம். எங்களுக்கு முதல் வரிசை. முன்னால் பெட்டி ஒன்றைப் போட்டு, தலையணை அடுக்கி, காலை நீட்டி வைத்தார்கள். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். நான்கு விமானங்களில் ஏறி இறங்கியவள் இல்லையா, கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கீழே கடல் வந்தது.

முதலில் நான் கவனித்தது மாமியின் பேச்சு நின்றதைத்தான். ஏறும்போது பணிப்பெண்ணின் செருப்பு உயரத்தைப் பற்றிக்கூட அபிப்பிராயம் சொன்னவர், சாப்பாடு வந்தபோது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். நெற்றியில் வேர்வை. கைப்பிடியை இப்போது அவர் பிடித்திருந்தார்.

"என்ன மாமி, வலிக்குதா?"

"கொஞ்சம் நோகுது. எலும்பு முறிஞ்சால் நோகத்தானே செய்யும்."

"நேத்து இப்படி இல்லையே."

"கதைக்காமல் இரும் பிள்ளை."

போர்வையை விலக்கி விரல்களைப் பார்த்தேன். ஐந்தும் நாவற்பழ நிறத்தில் உப்பிக் கிடந்தன. தொட்டேன். ஐஸ் பெட்டியில் கை வைத்த மாதிரி இருந்தது.

"பிளேன் குளிர்," என்றார் மாமி. அவர் காலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். விட்டேன். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். மற்ற காலில் செருப்பைக் கழற்றி, அந்த நகத்தையும் அழுத்திப் பார்த்தேன். அதில் சிவப்பு உடனே வந்தது.

"மாமி, ரத்தம் ஓடலை."

அவர் போர்வையை இழுத்து விரல்களை மூடினார்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"டொக்டர் அண்டைக்கே கட்டை நீட்டுக்கு வெட்டி, மேல துணி சுத்தி விடுறன் எண்டவர். பிளேனில வீங்கும் எண்டு. நான்தான் வேண்டாம் எண்டனான். வெட்டின கட்டு வழியில ஆடும், இவ்வளவு தூரம் போக வேணும்..." பேச்சு அங்கேயே நின்றது. பிறகு, "பம்பாய் வந்திடும். பொறுப்பம்," என்றார்.

"பம்பாய்க்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. அதுவரைக்கும் தாங்குமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. "நான் கூப்பிடப் போறேன்," என்று எழுந்தேன்.

என் கையைப் பிடித்தார். "வேண்டாம். தெரியாத ஊர் ஒண்டில இறக்கி விட்டிடுவாங்கள். தெரியாத ஆஸ்பத்திரி, தெரியாத டொக்டர். காலை எடுக்க வேணும் எண்டால் உடன எடுத்துப்போடுவாங்கள். நான் பாத்திருக்கிறன். என்னைச் சுபாங்கில கொண்டுபோய் விடும், அது போதும்."

அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்ததும், எப்படி என்று தெரியவில்லை, என் பயம் கொஞ்சம் விலகி நின்றது. "அப்ப நாமளே வெட்டலாம்," என்றேன். "எப்படி வெட்டணும்னு சொல்லுங்க."

"வெட்ட வாள் வேணும்." ரம்பத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

"வாள் இல்லாட்டி என்ன செய்வீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். "வினிகர் ஊத்தினால் மா இளகும்," என்றார்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் விரல்களைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை. டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். யாரும் வரவில்லை. சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகர் பாட்டில் இரண்டும், சாப்பாட்டுக் கத்திகளும், ஒரு துண்டும் வந்தன. விமானியும் ஆள் அனுப்பிச் சொன்னார், இனிப் பம்பாய்தான் பக்கம், முன்னதாகச் சொல்லி டாக்டரை வரவழைக்கிறேன் என்று. மாமி அதைக் கேட்டுக் கொஞ்சம் அமைதியானார்.

கட்டின் மேல், விரலிலிருந்து முழங்கால் வரைக்கும் நேர்கோடாக வினிகரை ஊற்றினேன். வாசனை விமானம் முழுக்கப் பரவியது. பின்னால் யாரோ ஊறுகாய் பாட்டில் உடைந்துவிட்டதா என்று கேட்டார். ஊறவிட்டுக் கத்தியால் கீறினேன். மேலே வெள்ளைக் குழம்பு வந்தது, அடியில் இன்னும் கல். மறுபடி ஊற்றி மறுபடி கீறினேன். சாப்பாட்டுக் கத்தி வெண்ணெய்க்குத்தான் லாயக்கு. பள்ளம் ஆழமாகிற வேகத்தைப் பார்த்தபோது இது நடக்காது என்று தோன்றியது.

அப்போதுதான் தையல்காரரின் ஞாபகம் வந்தது. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். போய் நின்றதுமே நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"அதில் காகிதம்கூட வெட்டியதில்லை," என்றார்.

"அங்கிள், கால் போயிடும்."

அவர் பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கனமான கத்திரிக்கோல். விரல் பக்கம், கட்டின் ஓரத்தில் அடி அலகை நுழைத்தேன். தோலில் பட்டுவிடுமோ என்று நிறுத்தினேன்.

"அலகைத் தோலோட படுக்க வை. கூர் மேல பாக்க," என்றார் மாமி. "இப்ப வெட்டு. பயப்பிடாதை."

நெரிநெரியென்று கட்டு அறுபட்டது. கொஞ்சம் வெட்டுவேன், வினிகர் ஊற்றுவேன், கத்தியால் கீறுவேன், மறுபடி வெட்டுவேன். பணிப்பெண் முட்டி போட்டுக் காலைத் தாங்கிப் பிடித்தாள். நடுவில் விமானம் குலுங்கியது. பெல்ட் விளக்கு எரிந்தது, நாங்கள் இருவரும் அசையவில்லை. கணுக்கால் வளைவில் வெகு நேரம் சிக்கியது. ஒரு தரம் தோலைக் கிள்ளிவிட்டேன் போல, மாமி மூச்சை இழுத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்னைப் பாக்காதை, காலைப் பார்," என்றார்.

கெண்டைக்கால் தாண்டியதும் மாவு இரண்டு பக்கமும் விலகத் தொடங்கியது. முடிந்தது என்று நினைத்தேன்.

"உள்ளுக்க இருக்கிற பஞ்சையும் வெட்டு. தோல் தெரிய வேணும். இல்லாட்டி எல்லாம் வீண்."

பஞ்சும் வேர்வையில் கட்டியாகிக் கயிறு மாதிரி இறுகியிருந்தது. அதை வெட்டுவது சுலபமாக இருந்தது. கத்திரிக்கோல் அதற்குத்தான் பிறந்தது. முழங்கால் வரை தோல் தெரிந்தது, பஞ்சின் தடம் பதிந்து, வரி வரியாக. இரண்டு கையாலும் கட்டைப் பிளந்து அகட்டினேன்.

மாமி "அம்மா" என்றார். உரக்க இல்லை. வலி அப்போதுதான் முழுசாக வந்ததாம், ரத்தம் திரும்பி ஓடும்போது அப்படித்தான் இருக்குமாம். பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது. ஏதோ தப்பாக வெட்டிவிட்டேன் என்று உறைந்து போனேன்.

"நகத்தை அமத்திப் பார்," என்றார்.

அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். ஒன்றும் இல்லை. பணிப்பெண்ணும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அழுத்தி விட்டேன். நகத்தின் ஓரத்தில் மெல்ல ஒரு நிறம் வந்தது. முதலில் ஊதா, பிறகு இளஞ்சிவப்பு. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டபோது விரல் லேசாகச் சுட்டது. அந்தச் சூட்டை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஓடுதா?" என்று மாமி கேட்டார்.

"ஓடுது மாமி."

"சரி. எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு வா. எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். அந்தச் சாப்பாடு இன்னும் இருக்குதோ எண்டும் கேள்."

அவர் என்னை 'நீர்' என்று சொல்லாததை முகம் கழுவும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தலைமுடியெல்லாம் மாவு. சாப்பாடு சூடாக்கும் மூலையில் நின்ற பணிப்பெண் சுவரில் சாய்ந்து ஒரு தரம் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாமல் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கத்திரிக்கோலைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல்காரர் அலகைக் கட்டைவிரலால் தடவினார். மழுங்கிப் போயிருந்தது, எனக்கே தெரிந்தது.

"சாணை பிடித்துக்கொள்ளலாம்," என்றார். "அம்மாவுக்கு எப்படி?"

"சாப்பிடறாங்க, அங்கிள்."

எட்டிப் பார்த்தார். மாமி நிஜமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பம்பாயில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஏர்போர்ட் டாக்டர் காத்திருந்தார். கட்டின் மேல் பாதியையும் வெட்டித் தளர்த்தி, துணி சுற்றி, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி ஓய்வறையில் இடம் பார்த்துக் கொடுத்தார். மாமி ராத்திரி முழுக்கத் தூங்கினார். நான் எழுந்து எழுந்து நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மூன்றாவது விமானம். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காமல் இருந்தது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லத் தெரியவில்லை. நிலக்கடலையைப் பிரித்து இருவரும் தின்றோம். மாமி தன் முதல் வேலை நாளில் மயங்கி விழுந்த கதையைச் சொன்னார். அதை அவர் மகனுக்கே சொன்னதில்லையாம். கீழே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்ததும், "வந்திட்டம்," என்றார்.

சுபாங்கில் என் வீட்டுக்காரர் கூட்டாளியின் வேனைக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தள்ளுநாற்காலியில் வந்த அம்மாவின் காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிளந்த கட்டு, சுற்றிய துணி, எங்கள் இருவர் மேலும் வினிகர் வாடை.

"என்னம்மா இது?"

"உன்ர பெண்சாதி வெட்டினவள்," என்றார் மாமி. "பிளேனில, ஆக்களுக்கு முன்னால." அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல், வேனில் எப்படி ஏற்ற வேண்டும் என்று கட்டளை போடத் தொடங்கிவிட்டார்.

நேராகக் கிள்ளானில் அவர் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே "சிஸ்டர், சிஸ்டர்" என்று நர்ஸுகள் சூழ்ந்துகொண்டார்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு விலகவில்லை. எலும்பு டாக்டர் விரல்களைப் பார்த்தார், வெட்டியிருந்த கோட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்று அவர் சொல்வார், என் வீட்டுக்காரர் கேட்பார் என்று காத்திருந்தேன். டாக்டர் "குட்" என்றார். அவ்வளவுதான். புதுக்கட்டுப் போடும் அறைக்கு மாமியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்போது உள்ளே, "டொக்டர், இந்த முறை வெட்டித்தான் போட வேணும்," என்று அவர் குரல் கேட்டது.

இரண்டு நாள் அவரை அங்கேயே வைத்துக்கொள்வதாக ஒரு நர்ஸ் சொல்ல, நானும் என் வீட்டுக்காரரும் வெளியே வந்தோம். ரோட்டுக்கு எதிரே ஒரு ஒட்டுக்கடை, சுவரோரத்துத் தேத்தண்ணிக் கடை. ஐஸ் தே ஓ, பால் போடாத ஐஸ் தேத்தண்ணி, அவர் வாங்கிக் கொடுத்தார். கிளாஸைத் தூக்கினேன். கை ஆடி, பாதி சட்டையில் சிந்தியது. அதுவரைக்கும் சும்மா இருந்த கை.

"என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இப்பதான் வந்து சேர்ந்திருக்கேன்."

அவர் கிளாஸை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தார். மாமி நடக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், முன்னறையைக் காலி பண்ணணும், கட்டிலுக்கு ஆள் சொல்லணும் என்று பேசிக்கொண்டே வேனைக் கிளப்பினார். மழை பெய்து ஓய்ந்த தெரு, பாசார் சந்தைப் பக்கம் கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். "சரி, பிளேன்ல போறது எப்படி இருந்துச்சு? அத முதல்ல சொல்லு," என்றார்.

கைப்பிடியிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். நாகப்பட்டினம் கப்பலை விட மோசமில்லை என்று சொன்னதுவரை ஞாபகம் இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேனாம். வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, எழுப்ப மனமில்லாமல் அவரும் வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.